தனியாக சைக்கிள் பயணம், கடற்கரையில் டென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தூரம் தனியாக சைக்கிளில் போகிறவர்களும், போக நினைக்கிறவர்களும் கடற்கரையில் ராத்தங்குவதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரை சாயங்காலத்துக்கு அருமையான இடம், சைக்கிளுக்குக் கெட்ட இடம், தூக்கத்துக்கு எப்படி என்பது நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நடந்து போகிறவருக்கு ஒரு ராத்திரி சரியில்லை என்றால் அது அந்த ராத்திரியோடு போச்சு. சைக்கிள்காரருக்கு அப்படியில்லை, மணலும் உப்பும் செயினில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடுத்த ஊர் வரைக்கும் கூடவே வரும். அதனால் கீழே வரும் பதில்களில் நாளைக் காலையில் வண்டி எப்படி ஓடும் என்ற கணக்கு அடிக்கடி தலைகாட்டும்.

கடற்கரையில் டென்ட் போட அனுமதி உண்டா?

எல்லா நாட்டுக்கும் பொருந்தும் பதில் கிடையாது. நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாகுபடி இல்லாத திறந்த நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி டென்ட் போடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஸ்பெயினிலோ 1988-இன் கடற்கரைச் சட்டம் கரையோரப் பொதுநிலத்தில் முகாமிடுவதையே தடை செய்கிறது. இரண்டுமே சைக்கிள் பயணிகள் அதிகம் போகும் நாடுகள்தான். ஒரே நாட்டுக்குள்ளும் சரணாலயம், ராணுவப் பகுதி, துறைமுகம், ஆமை முட்டையிடும் கரை என்று இடத்துக்கு இடம் மாறும். நாட்டுச் சட்டம் ஒன்று, அந்தக் கரையில் நட்டிருக்கும் பலகை ஒன்று, இரண்டையும் பாருங்கள்.

இருட்டில் போட்டு விடியுமுன் கிளம்பிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு முகத்தில் டார்ச் அடித்து எழுப்பினால் நீங்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, தெரியாத ரோட்டில், தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். அபராதத்தைவிட எனக்கு அதுதான் பெரிய விஷயம். தடை இருக்கும் கரை என்றால் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துவிட்டு உள்ளே தள்ளிப் போய்விடுங்கள்.

யாரிடம் கேட்பது?

கரையில் வேலை செய்கிறவர்களிடம். மீன்பிடிக்கிறவர், வலை பின்னுகிறவர், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், கரையோரக் கடைக்காரர். "இங்கே படுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "படுங்க" என்பதோடு முடிந்துவிடும். "ராத்திரி தண்ணி எதுவரைக்கும் வரும்? நீங்களாக இருந்தால் எங்கே படுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டுவார்கள். அந்த இடம் நீங்கள் மனதில் வைத்திருந்த இடத்தைவிட எப்போதுமே கொஞ்சம் மேலே இருக்கும். படகு இழுத்து ஏற்றும் பாதையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், விடியற்காலை மூன்று மணிக்கு அந்த வழியில் நீங்கள் படுத்திருப்பது யாருக்கும் நல்லதல்ல.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது இடத்தைப் பார்த்துவிட வேண்டும், டென்ட்டை இருட்டும்போது போட்டால் போதும். வெளிச்சத்தில் பார்க்காத கடற்கரையில் படுக்கவே கூடாது என்பது என் பிடிவாதம். இருட்டில் கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காதை வைத்துச் சொல்ல முடியாது, இருக்கும் தூரத்தைவிடச் சில சமயம் கிட்டத்திலும் சில சமயம் எட்டத்திலும் கேட்கும்.

கடல் ராத்திரியில் எவ்வளவு ஏறும்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் டென்ட் எந்த கம்பெனி என்று கேட்கிற அளவுக்குக்கூட இதை யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்று ராத்திரி பத்து மணிக்கு உச்சம் என்றால் நாளை ராத்திரி கிட்டத்தட்ட பத்து ஐம்பதுக்கு. மெக்சிகோ வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே முறைதான். அளவும் இடத்துக்கு இடம் பயங்கரமாக வேறுபடும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் உள்ள வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும், மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அரை மீட்டர்கூட இருக்காது. ஒரு நாட்டில் பழகிய கண்ணோடு இன்னொரு நாட்டுக் கரையைப் பார்க்கும்போது இங்கேதான் கோட்டைவிடுவோம்.

அடுத்து நிலா. அமாவாசை, பௌர்ணமி முடிந்து ஓரிரு நாளில் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். அஷ்டமியை ஒட்டி ஏற்றமும் குறைவு, வற்றலும் குறைவு. பௌர்ணமி நிலாவில் கடற்கரையில் படுக்க வேண்டும் என்று ஆசைப்படாதவர் கிடையாது, தண்ணீர் மேலே வருவதும் அதே நாட்களில்தான்.

ஏறுவது ஒரே வேகத்திலும் நடக்காது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணியில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, கடைசி மணியில் ஒன்று என்று ஏறும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி தண்ணீர் வந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து "பெரிசா ஒண்ணும் ஏறலையே" என்று முடிவு கட்டக் கூடாது என்பது இதனால்தான்.

அப்புறம், கடல் அட்டவணையில் (எந்த நாள் எத்தனை மணிக்குக் கடல் எவ்வளவு ஏறும், வற்றும் என்று போட்டிருக்கும் பட்டியல்) இருப்பது நிலாவும் சூரியனும் செய்யும் வேலை மட்டும். காற்று கரையை நோக்கி அடித்தால் தண்ணீர் இன்னும் மேலே வரும், காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும், எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை இங்கே தெளிந்த வானத்தின் கீழ் வந்து சேரும். அட்டவணை சொல்லும் உயரத்துக்கு மேல் தாராளமாக இடம் விட்டுப் படுக்க வேண்டும்.

அட்டவணை கையில் இல்லை, சிக்னலும் இல்லை. கரையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கரையோடு நடந்தால் பாசியும் குச்சியும் சிப்பியும் பிளாஸ்டிக் குப்பையும் ஒரு கோடாகக் கிடக்கும். இன்னும் ஈரமாக இருக்கிற கோடு கடைசி ஏற்றத்தோடது. அதற்கு மேலே காய்ந்து வெளுத்துப்போன இன்னொரு கோடு இருக்கும், கட்டைகளும் பாட்டில்களும் அதில் இருக்கும். அது பெரிய ஏற்றத்திலோ புயலிலோ வந்தது. பலர் முதல் கோட்டைப் பார்த்துவிட்டு அதற்கு இரண்டடி மேலே டென்ட் போடுகிறார்கள். நீங்கள் தேட வேண்டியது இரண்டாவது கோட்டை.

வெப்ப நாடுகளில் இன்னொரு நல்ல அடையாளம் அடும்பு. ஆட்டின் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக மணலில் ஓடுமே, அந்தக் கொடி. அதன் நுனி கடலைப் பார்த்து நீண்டுகொண்டே போகும், புதுசாக முளைத்த இளங்கொடியை நம்ப வேண்டாம். தண்டு விரல் கனத்துக்கு முற்றி, வேர் நன்றாக இறங்கியிருக்கும் இடம் எது என்று பாருங்கள், அங்கே கடல் அடிக்கடி வருவதில்லை என்று அர்த்தம். ஆனால் கொடியின் மேலேயே டென்ட்டை விரிக்காதீர்கள், மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தச் செடிகள்தான்.

அப்படியானால் எங்கேதான் படுப்பது?

என்னைக் கேட்டால் மணல் முடிகிற இடத்தில். மணல்மேட்டுக்குப் பின்னால், கெட்டித் தரை ஆரம்பிக்கும் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே. கடல் சத்தம் அப்படியே கேட்கும், காற்று பாதிதான், மணல் கால்வாசிகூட இல்லை. கடலைப் பார்த்தபடி கண் விழிக்கும் படம் கிடைக்காது, ஆனால் ஐம்பது அடி நடந்தால் அது கிடைத்துவிடும்.

ஒதுக்க வேண்டிய இடங்கள்: செங்குத்தான பாறைக்கு அடியில் (கல் உருளும்), பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் குட்டிக் கரை (கடல் ஏறினால் வெளியே வரும் வழி மூடிவிடும்), ஆற்று முகத்துவாரம் (மழை எங்கோ மலையில் பெய்தாலும் வெள்ளம் இங்கேதான் வரும்), தென்னைக்கு நேர் கீழே. வண்டிகள் மணலில் ஓடிய தடம் இருந்தால் அந்த வழியும் வேண்டாம், ராத்திரி ஜீப் ஓட்டுகிறவர் அங்கே ஒரு ஆள் படுத்திருப்பார் என்று எதிர்பார்க்க மாட்டார். ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் உப்புநீர் முதலை இருப்பதால் தண்ணீரின் ஓரத்திலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளித்தான் டென்ட் போடச் சொல்வார்கள், அங்கே காட்சி அழகு பற்றிய பேச்சே கிடையாது.

சுமையோடு இருக்கும் சைக்கிளை மணலில் எப்படிக் கொண்டுபோவது?

தள்ளாதீர்கள். பைகளைக் கழற்றி ஒரு நடை, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இன்னொரு நடை. சுமையோடு தள்ளினால் முன்சக்கரம் புதைந்து புதைந்து நிற்கும், அரை கிலோமீட்டருக்குள் முதுகு போய்விடும், தள்ளுகிற வேகத்தில் கால் கிளப்பும் மணலெல்லாம் செயின்மேல்தான் விழும்.

கட்டாயம் தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் முன்னால் மட்டும் தள்ளுங்கள். பின்னால் இழுத்தால் பெடலும் சேர்ந்து பின்னோக்கிச் சுற்றும், செயின் முழுக்க ஓடும், ஒட்டியிருந்த மணல் அத்தனையும் பல்சக்கரத்துக்குள் போய் அரைபடும். முன்னால் தள்ளும்போது செயின் அசையாமல் இருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் மறுநாள் வரும் கரகர சத்தத்தில் பாதி இதில் குறையும்.

ஈர மணல் ரோடு மாதிரி கெட்டியாக இருக்கிறதே, ஓட்டிக்கொண்டே போகலாமா?

கடல் வற்றியிருக்கும்போது அது உண்மையிலேயே நன்றாக இருக்கும், டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நன்றாக ஓடும். ஆனால் சக்கரம் உப்புத்தண்ணீரைச் செயினிலும் பிரேக்கிலும் நேராக அடித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வசதி இருந்தால் ஆசைக்குக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கழுவ வழியில்லை என்றால் வேண்டாம். அலைக்குள் இறக்கிப் போட்டோ எடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, பேரிங் அவர்களுக்குச் சொல்லும்.

ராத்திரி சைக்கிளை எப்படி வைப்பது?

இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கப்போடுங்கள், செயினும் கியரும் வலப்பக்கம் இருப்பதால் அவை மேலே இருக்கும். ஸ்டாண்ட் போட்டு நிறுத்துவதென்றால் அடியில் தட்டையான கல்லோ டப்பா மூடியோ வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுராத்திரியில் ஸ்டாண்ட் புதைந்து டென்ட்டின்மேல் விழும். செயின், பின் கியர் இரண்டையும் மூடி ஒரு பழைய பனியனைச் சுற்றிவிட்டால் பறக்கும் மணலும் உப்புக் காற்றும் ஓரளவு தடுக்கப்படும். பொடிமணல் காற்றில் தரையை ஒட்டித்தான் அதிகம் பறக்கும் என்பதால் சைக்கிளை டென்ட்டுக்குக் காற்று மறைவான பக்கத்தில் வைப்பது நல்லது.

திறந்த மணலில் பூட்டுவதற்குக் கம்பமோ மரமோ இருக்காது. சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பூட்டி, ஒரு கயிற்றைச் சைக்கிளிலிருந்து டென்ட்டுக்குள் கொண்டுவந்து சமையல் பாத்திரத்தில் கட்டிவிடுங்கள். பாத்திரம் உருண்டால் முழிப்பு வரும். நாய் வந்தாலும் உருளும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டென்ட் முளை மணலில் நிற்குமா?

பயணத்துக்குக் கொண்டுபோகும் மெல்லிய முளை காய்ந்த மணலில் நிற்காது, எத்தனை ஆழமாக அடித்தாலும். மணலில் எதையும் அடிக்காமல் புதைக்க வேண்டும். ஒரு துணிப்பையிலோ பிளாஸ்டிக் பையிலோ மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஓரடிக்குக் குறையாத குழியில் போட்டு, மேலே மணல் தள்ளி மிதித்துவிடுங்கள். பை இல்லையென்றால் கரையில் ஒதுங்கிய ஒரு கட்டையைக் கயிற்றுக்குக் குறுக்காகப் படுக்கவைத்துப் புதைத்தாலும் அதே வேலையைச் செய்யும். கையிலிருக்கும் முளைகளையும் இப்படிப் படுக்கவைத்துப் புதைக்கலாம், ஆனால் காலையில் எண்ணிப் பார்த்து எடுங்கள், மணலுக்குள் போன முளை கிடைப்பது கஷ்டம். காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகளுக்குக் கனமான பைகளையே நங்கூரமாக வைக்கலாம். புதைத்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் மணல் இறுகும், அதற்குக் கடல் தண்ணீர் போதும்.

டென்ட் வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

சாயங்காலம் அடிக்கிற காற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். பகலில் தரை சூடேறுவதால் காற்று கடலிலிருந்து வரும். ராத்திரி தரை சீக்கிரம் ஆறிவிட, காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். நடுவில் கொஞ்ச நேரம் காற்றே இருக்காது, கொசுவும் மணல் ஈயும் வரும் நேரம் அதுதான். பெருங்காற்று வீசும் காலத்தில் இந்தத் திருப்பமெல்லாம் நடக்காது, ஒரே திசையில்தான் அடிக்கும், அப்போது டென்ட்டின் குறுகலான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, வாசலை எதிர்ப்பக்கம் வையுங்கள். சாதாரண நாளில் வாசலைக் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் வைத்தால் இரண்டு காற்றுக்கும் தாங்கும்.

டென்ட் அவசியமா? மணலில் விரித்துப் படுத்தால் போதாதா?

மழையும் பூச்சியும் இல்லாத இடத்தில் போதும். ஆனால் கடலோரத்தில் பனி நிறைய இறங்கும், விடியும்போது ஸ்லீப்பிங் பேக் நனைந்த துணிபோல ஆகிவிடும். உப்பு படிந்த துணி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் காயவும் காயாது. டென்ட்டுக்குள்ளும் ஈரம் படியும், அதனால் காற்றுத் துளைகளை மூடாமல் விடுங்கள். கொசுவலையின் கண் சின்னதாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், மணல் ஈயில் சில வகை சாதாரணக் கொசுவலைக்குள் நுழைந்துவிடும். உள்ளே போகும்போது உட்கார்ந்து, பாதத்தை வெளியே நீட்டித் தட்டிவிட்டு அப்புறம் காலை உள்ளே இழுங்கள்.

தனியாகப் படுக்கப் பயமாக இருக்காதா?

இருக்கும். கடல் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிவிடுவதுதான் காரணம். காட்டில் ஒருவர் நடந்து வந்தால் சருகு சொல்லிவிடும், மணலில் பத்தடி வரைக்கும் வந்தாலும் தெரியாது. அதனால் யாராவது வந்தால் கேட்கும் என்று நம்பாமல், யாரும் வரத் தோன்றாத இடமாகப் பார்த்துப் படுப்பதுதான் வழி.

ரோட்டிலிருந்து தெரியாத இடம். ஆனால் ஆளே இல்லாத இடம் என்று அர்த்தமில்லை, இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. என் அனுபவத்தில் தொல்லை வருவது ஆளில்லாத கரையில் இல்லை, ஊருக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடத்தோடு இருக்கும் கரையில்தான், குடிக்கவும் கும்மாளமடிக்கவும் ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கேதான் வருவார்கள். காலி பாட்டிலும் புதுச் சாம்பலும் கிடந்தால் அது யாரோ தினமும் வரும் இடம், நகர்ந்துவிடுங்கள். வெள்ளி, சனி ராத்திரிகளில் ஊரை ஒட்டிய கரையே வேண்டாம்.

சாயங்காலம் டீக்கடையிலோ ரோட்டோரத்திலோ "இன்னிக்கு எங்கே தங்கறீங்க?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தான். ஆனாலும் "அடுத்த ஊர்ல" என்று சொல்லிவிட்டு நகர்வது தவறில்லை. உண்மையான இடத்தை வீட்டிலிருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள், காலையில் இத்தனை மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வரவில்லை என்றால் இதைச் செய் என்பதையும் சேர்த்து. அந்த இரண்டாவது பாதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாமல் இடத்தை மட்டும் அனுப்பி என்ன பிரயோஜனம்?

சிக்னல் இல்லாத கரை என்றால் சிக்னல் இருக்கும் இடத்திலேயே, கரைக்குத் திரும்பும் முன்பே அனுப்பிவிடுங்கள். பாஸ்போர்ட், பணம், போன், ஹெட்லாம்ப், செருப்பு இவை மட்டும் ஒரு சின்னப் பையில் தலைமாட்டில். கிளம்ப வேண்டும் என்று தோன்றினால் அதை எடுத்துக்கொண்டு நடந்துவிட வேண்டும், டென்ட்டைப் பற்றிக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்கள் தனியாகத் தங்கலாமா?

தங்குகிறார்கள். அப்படிப் போகும் தோழிகள் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது: ஒளிந்து படுப்பதைவிட, ஒரு குடும்பத்தின் பார்வையில் படுப்பது மேல். கரையோர வீட்டில் இருக்கும் பெண்களிடம் பேசி, அவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் டென்ட் போட்டுக்கொள்வது. கட்டணம் கட்டித் தங்கும் முகாம் அருகில் இருந்தால் அதையே எடுப்பது. மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் காரணம் தேடாமல் கிளம்புவது, அதற்காகவே சாயங்காலம் கால்களில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிச்சம் வைத்துக்கொள்வது. இந்தக் கடைசி யோசனை ஆண்களுக்கும்தான்.

அடுப்பு, தீ?

அடுப்பைத் தட்டையான கல்லிலோ பலகையிலோ வையுங்கள், பர்னரில் மணல் போனால் அன்றைக்குச் சமையல் இல்லை. சிலிண்டரின் தலையில் நேராகத் திருகும் கேஸ் அடுப்பைச் சுற்றி முழுசாக மறைப்பு வைக்கக் கூடாது, சிலிண்டர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. காற்றுக்காக டென்ட்டுக்குள் அடுப்பை ஏற்றுவதும் கூடாது, தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம், அதற்கு வாசனைகூடக் கிடையாது. பெருங்காற்று நாளுக்கென்று சமைக்காமல் சாப்பிடக்கூடியது ஒரு வேளைக்கு எப்போதும் பையில் இருக்கட்டும்.

விறகுத் தீ அனுமதி உள்ள இடத்தில் மூட்டினால் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மணலைப் போட்டு மூடிவிட்டால் கங்கு மணிக்கணக்கில் உள்ளேயே சூடாக இருக்கும், மேலே எதுவும் தெரியாது, காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் ஒரு குழந்தைதான் அதைக் கண்டுபிடிக்கும்.

தண்ணீர் எவ்வளவு?

ராத்திரிச் சமையல், குடிக்க, காலைக்கு என்று நான்கைந்து லிட்டர். அதற்கு மேல் சைக்கிளைக் கழுவ ஒரு லிட்டர், உடம்பைத் துடைக்க ஒரு லிட்டர். கடைசியாகத் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் மொத்தத்தையும் நிரப்பிக்கொண்டு வாருங்கள், கனம்தான், ஆனால் கடைசிச் சில கிலோமீட்டர்தானே.

கடலில் குளிக்கலாமா?

தனியாக இருக்கும்போது முழங்காலுக்கு மேல் நான் இறங்குவதில்லை. தெரியாத கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, பார்த்துக் கத்துவதற்கும் ஆள் இல்லை. இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வந்து அப்புறம் திரும்ப வேண்டும்.

குளித்தாலும் குளிக்காவிட்டாலும் படுக்கும் முன் சைக்கிள் சீட்டில் படும் இடங்களை நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். உப்புப் பொடி ஒட்டிய தோலோடு மறுநாள் எண்பது கிலோமீட்டர் மிதித்தால் அடுத்த நாள் உட்கார முடியாது.

காலைக்கடன்?

கரை மணலில் புதைக்காதீர்கள், அங்கே அது மக்கவும் மக்காது, காற்றும் அலையும் திறந்துவிடும். உள்ளே மண் இருக்கும் இடத்துக்குப் போய், தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆமை, நண்டு, நாய்?

ஆமை முட்டையிடும் காலத்தில் அந்தக் கரையில் படுக்கவே வேண்டாம். தாய் ஆமை ராத்திரியில்தான் ஏறி வரும், வழியில் டென்ட்டோ வெளிச்சமோ இருந்தால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடக்கூடும். குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சமான தொடுவானம் எது என்று பார்த்துப் போகும், இயற்கையில் அது கடல், உங்கள் ஹெட்லாம்ப் எரிந்தால் நீங்கள். தெரியாமல் அப்படி ஒரு கரையில் மாட்டிக்கொண்டால் விளக்கை அணைத்துவிட்டு உள்பக்கம் நகருங்கள்.

நண்டு ஒன்றும் செய்யாது, ஆனால் சாப்பாட்டுப் பை தரையில் இருந்தால் ஓட்டை போடும். நாய்களுக்குச் சாப்பாடு போட்டால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும், அது காவலா தொல்லையா என்பது நாயைப் பொறுத்தது.

இடி, சுனாமி?

திறந்த கரையில் டென்ட் கம்பிதான் உயரமான பொருள். இடி கேட்கும்போதே கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போங்கள், கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். நிலம் பலமாகவோ நெடுநேரமோ அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள், சைக்கிளை எடுக்க நிற்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று பல கரைகளில் உள்வாங்கிய கடலைப் பார்க்க மக்கள் இறங்கிப் போனார்கள். முதல் அலையோடு முடிவதும் இல்லை, மணிக்கணக்கில் தொடர்ந்து வரலாம்.

காலையில் சைக்கிளுக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில், பெடலைச் சுற்றாதீர்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கெட்டித் தரைக்குப் போய், காய்ந்த பிரஷ்ஷால் செயின், பல்சக்கரம், பின் கியரின் இரண்டு குட்டிச் சக்கரங்கள் எல்லாவற்றையும் தட்டுங்கள். பழைய டூத்பிரஷ் போதும். பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் ஒட்டிய மணலைத் துடைக்காமல் பிரேக் பிடித்தால் ரிம்மையே அரம்போலத் தேய்க்கும். டிஸ்க் பிரேக் என்றால் தட்டைத் துடைத்தால் போதும், எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்.

அப்புறம் அந்த ஒரு லிட்டர் தண்ணீர். பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, மேலிருந்து சொட்டுச் சொட்டாகச் செயினிலும் போல்ட்டுகளிலும் வழியவிடுங்கள். பம்ப் வைத்து வேகமாக அடித்தால் உப்பும் மணலும் பேரிங்குக்குள் போகும். துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் எண்ணெய். வரிசை மாறி மணலின்மேல் எண்ணெய் விட்டால் அது உப்புத்தாள் பசையாகி செயினைத் தின்றுவிடும். கடற்கரைக்குள் போகும் முன் மாலையில் எண்ணெய் விடுவதும் அதே தப்புதான், எண்ணெய் ஈரமாக இருக்கும் செயினில் மணல் இன்னும் நன்றாக ஒட்டும்.

எல்லாம் முடிந்து பெடலை மெதுவாகச் சுற்றிக் காதை வையுங்கள். கரகரவென்றால் இன்னொரு முறை.

நாள்கணக்கில் கடலோரமாகவே போகிறேன். உப்பு என்னென்ன செய்யும்?

நீங்கள் மணலில் படுக்காவிட்டாலும் காற்றிலேயே உப்பு வரும். வெளியே தெரியும் துரு பெரிய விஷயமில்லை. சீட் போஸ்ட்தான் (சீட்டைத் தாங்கிச் சட்டத்துக்குள் இறங்கும் குழாய்) பயம், வெவ்வேறு உலோகம் தொடும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று இறுகிவிடும், அலுமினியச் சட்டத்தில் கார்பன் போஸ்ட் இருந்தாலும் இதே கதிதான். கிளம்பும் முன்னே கிரீஸ் (கார்பனுக்கு அதற்கான பசை) போட்டு, சில வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி போடுங்கள். பெடல் மரையும் அப்படித்தான். டென்ட் ஜிப்பில் உப்பு படிந்தால் பலவந்தமாக இழுக்காமல் தண்ணீரில் கழுவுங்கள். போன் சார்ஜ் துளையில் ஈரம் இருக்கும்போது ஒயரைச் சொருகினால் உள்ளே பச்சை பிடித்துவிடும், அதனால் போனையும் பவர் பேங்கையும் ராத்திரி ஜிப் பையில் போட்டு வையுங்கள்.

கரையிலேயே பஞ்சர் ஆகிவிட்டால்?

அங்கே பிரிக்காதீர்கள். பைகளைக் கழற்றிவிட்டு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கோ புல் தரைக்கோ போய்விடுங்கள். டயருக்குள் மணல் புகுந்தால் டியூபோடு உரசி உரசி இரண்டு நாள் கழித்து இன்னொரு ஓட்டை போடும், அது எங்கே இருந்து வந்தது என்றே புரியாது. டயரின் உள்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, காயவிட்டு, விரலால் தடவிப் பார்த்தபின் டியூபைப் போடுங்கள். மணலுக்காகக் காற்றைக் குறைத்திருந்தீர்கள் என்றால் ரோட்டில் ஏறும் முன் திரும்ப அடித்துவிடுங்கள், காற்றில்லாத டயரில் சுமையோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் டியூபைக் கடித்து, அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும்.